முப்பது நாள் மௌனம்

“காங்கிரஸ்னா, கை சின்னமா?” என்றார் ஜைனுதீன்.

“இது வேற காங்கிரஸ், ஜைனு பாய். இந்த ஊர் பார்லிமென்ட்,” என்றாள் கலாவதி, கையிலிருந்த தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“அப்ப கை நீட்டுறது மட்டும் பொதுவா இருக்கும்.”

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. நான்கு நாளாகத் தூங்காத முகம் அது.

1999 ஆகஸ்ட் பத்து, செவ்வாய்க்கிழமை. பிரிட்ஜ்வாட்டரில் ரூட் 22 ஓரத்தில் ஒரு டிரை கிளீனர் கடைக்கு மேலே கலாவதியின் ஆபீஸ். கோபிசெட்டிபாளையத்துக்காரி. நியூஜெர்சியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பன்னிரண்டு வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்தவள். பொய்யர்களைவிடக் கம்பெனி அதிகமாகப் பொய் சொல்கிறது என்று தெரிந்ததும் வேலையை விட்டு, லைசென்ஸ் எடுத்துத் தனியாகத் துப்பறிய வந்தவள். ஜைனுதீன் எடிசனில் டிராவல் ஏஜென்சி வைத்திருந்தவர். ஜனங்கள் இன்டர்நெட்டில் டிக்கெட் வாங்கத் தொடங்கியதும் கடையை மூடிவிட்டு, ஐம்பத்தெட்டாவது வயதில் கலாவதிக்கு அசிஸ்டென்ட் ஆனார். கார் ஓட்டுவார். கேட்காமலே பேசுவார்.

அந்தப் பெண் வெண்பா. மூன்று வயதில் அமெரிக்காவுக்கு வந்தவள், இப்போது இருபத்தொன்பது. வாஷிங்டனில் ஒரு நாடாளுமன்றக் கமிட்டியில் வேலை. அமெரிக்கா தன் நட்பு நாடுகளுக்கு ஆயுதம் விற்பதற்கு முன்னால் அந்தக் கமிட்டியிடம் சொல்லியாக வேண்டும். கமிட்டியின் தலைவர் டக்ளஸ் வார்ட்வெல், இந்தத் தொகுதியின் உறுப்பினர்.

“எப்படிச் சொல்வாங்க? விலாவாரியா சொல்லும்மா,” என்றாள் கலாவதி.

“ஃபர்ஸ்ட் இன்ஃபார்மலா சொல்வாங்க, ஆன்ட்டி. சேர்மன் ‘நோ’ன்னா அது ஹோல்ட். அங்கயே நின்னுடும். அவர் ஓகேன்னா ஃபார்மல் நோட்டீஸ் வரும். அதுக்கப்புறம் முப்பது நாள். அதுக்குள்ள ரெண்டு ஹவுஸும் சேர்ந்து வேண்டாம்னு சட்டம் பாஸ் பண்ணலேன்னா, சேல் நடந்துடும்.”

“சரின்னு யாரும் சொல்லவே வேணாமா?” என்றார் ஜைனுதீன்.

“வேண்டாம், அங்கிள். சைலன்ஸ் போதும்.”

“எங்க நிக்காஹ்லகூடப் பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கிடுவோம்.”

விற்க இருந்தது இருட்டில் பார்க்கும் கருவி. துப்பாக்கிமேல் பொருத்திவிட்டால் அமாவாசையிலும் ஆள் தெரிவான். செய்வது சான்டா கிளாராவில் வெஸ்பர்லைன் என்ற கம்பெனி. வாங்குவது ஒரு நட்பு நாடு. முன்பு எல்லைக் காவலுக்கென்று வாங்கிப்போனதை அந்த நாடு தன் சொந்த ஜனங்கள்மீதே திருப்பியிருக்கிறது என்று வெண்பா ஆதாரங்களோடு நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். வார்ட்வெல் அதை டி.வி.யில் ஆட்டிக் காட்டி, “நான் இருக்கும்வரை ஒரு கருவிகூடப் போகாது” என்று முழங்கினார். ஜூலை முழுக்க அவர் முகம்தான் டி.வி.யில்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, வியாழன். கமிட்டியின் பெயரில் வெளியுறவுத் துறைக்கு ஒரு ஃபேக்ஸ் போனது. இரண்டே வரி. கமிட்டிக்கு ஆட்சேபம் இல்லை, டெலிவரியை ‘ப்ரிபோன்’ செய்துகொள்ளலாம். கீழே வெண்பாவின் இனிஷியல். மறுநாளே முறைப்படி நோட்டீஸ் வந்துவிட்டது.

“எனக்குத் தெரியாம என் ஸ்டாஃப் அனுப்பிட்டாங்கன்னு சேர்மன் சொல்றார். என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. திங்கட்கிழமைக்குள்ள ரிஸைன் பண்ணணும், இல்லேன்னா ஃபோர்ஜரின்னு கேஸ். நான் அனுப்பல, ஆன்ட்டி.”

“நீதான்னு எப்படி முடிவு பண்ணினாங்க?”

“அந்த ஒரு வேர்ட். ப்ரிபோன்கிறது இந்தியன் இங்கிலீஷாம். கமிட்டியில ஒரே இந்தியன் நான்தானாம்.”

கலாவதி நிமிர்ந்து பார்த்தாள். “வெண்பா, ஒரு மீட்டிங்கை வெள்ளிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாத்தினா என்ன சொல்லுவ?”

“மூவ்டு அப்.”

“ப்ரிபோன்?”

“தட்ஸ் நாட் ஈவன் எ வேர்ட், ஆன்ட்டி.”

ஜைனுதீனுக்கு மனசு புண்பட்டுவிட்டது. “வேர்டு இல்லையா? இருபது வருஷம் அதை வெச்சுத்தான் டிக்கெட் மாத்திக் குடுத்தேன்.”

“அதேதான், ஜைனு பாய்,” என்றாள் கலாவதி. “நீங்களும் நானும் எழுதுவோம். இங்க வளர்ந்த பொண்ணு எழுத மாட்டா. மூஞ்சியைப் பார்த்து மொழியை முடிவு பண்ணியிருக்காங்க. இதுக்குப் பேரு விசாரணை.”

தாளை மேஜையில் விரித்தாள். மேல் விளிம்பில் அனுப்பிய மெஷின் அடித்த வரி. கமிட்டியின் நம்பர், நேரம் 2.52. கீழ் விளிம்பில் பெற்ற மெஷின் அடித்த வரி. நேரம் 5.53.

“இந்த மூணு மணி நேரம் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. ட்ரேயில கிடந்திருக்கும்னு சொல்லிட்டாங்க.”

“ட்ரேயில கிடக்கிறது காகிதம் வந்தப்புறம். இது வரும்போதே மெஷின் தானா அடிக்கிறது. ஃபேக்ஸ் வந்து சேர ஒரு நிமிஷம் போதும், மூணு மணி நேரம் ஆகாது. மேல இருக்கிற நம்பரை யார் வேணும்னாலும் மெஷின்ல மாத்தி டைப் பண்ணிக்கலாம். இன்ஷூரன்ஸ்ல நான் தினம் பார்த்தது. இவன் நம்பரை மாத்தினான், கடிகாரத்தை மாத்த மறந்துட்டான்.” கலாவதி தாளைத் தட்டினாள். “வாஷிங்டன்ல அஞ்சு அம்பத்திமூணுன்னா எங்க ரெண்டு அம்பத்திரெண்டு?”

“கலிஃபோர்னியா,” என்றார் முன்னாள் டிராவல் ஏஜென்ட்.

“வெஸ்பர்லைனும் அங்கதான். அந்தக் கம்பெனியில ப்ரிபோன்னு எழுதற பெரிய மனுஷன் யாராவது இருக்காங்களா?”

வெண்பாவின் முகம் மாறியது. “சுவாமிநாதன் அங்கிள். வைஸ் பிரசிடென்ட். ஏப்ரல்ல எங்க ஆபீஸுக்கு வந்தார். ‘நீ நம்ம பொண்ணும்மா’ன்னு சொல்லி லட்டு குடுத்தார்.”

*

சுவாமிநாதனைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. தமிழ்ச் சங்க விழா மலரில் முழுப் பக்கம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம் என்று கலாவதி போனில் ஒரு பொய் சொன்னாள். நாட்டின் ரகசியங்களைக் காக்கும் கம்பெனி வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கலிஃபோர்னியாவுக்கு விமானம் ஏறி வந்த இருவருக்கும் கதவைத் திறந்துவிட்டது.

திறப்பதற்கு முன்னால் ஒரு தடை. வரவேற்பறையில் நீல யூனிஃபார்ம் போட்ட வயதான செக்யூரிட்டி ஒருவர் ஒரு தடிமனான ரிஜிஸ்டரை நகர்த்தினார். பெயர், குடியுரிமை, யாரைப் பார்க்க, எத்தனை மணிக்கு. லைசென்ஸைக் காட்ட வேண்டும். சும்மா போய்விட்டு வருகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கலாவதி எழுதிவிட்டு நகர்ந்தாள். ஜைனுதீனின் பேனா எழுத மறுத்தது. அதை உதறினார். எழுதுகிறதா என்று முன்பக்கங்களைப் புரட்டி ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். செக்யூரிட்டி பொறுமையாக வேறு பேனா தேடிக் கொடுத்தார்.

சுவாமிநாதனின் அறையில் மூன்று சுவர்களிலும் சுவாமிநாதன் இருந்தார். பொன்னாடையோடு, கேடயத்தோடு, கும்பாபிஷேகக் கலசத்தோடு. அறுபது வயது. குரல் குழைவாக வந்தது.

“எனக்கு எதுக்கும்மா முழுப் பக்கம்? நான் சாதாரண ஆள்.” சொல்லிக்கொண்டே இழுப்பறையிலிருந்து நான்கு போட்டோவும், ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருந்த தன் வாழ்க்கைக் குறிப்பும் எடுத்து நீட்டினார். “இதை அப்படியே போட்டுக்கங்க. நானே எழுதினது. ஒரு வார்த்தை மாத்தாதீங்க.”

கலாவதி அங்கேயே படித்தாள். மூன்றாவது பத்தியில் நின்றாள். 1996-இல் ஒரு புதிய கருவியின் வெளியீட்டைத் தன் சாமர்த்தியத்தால் இரண்டு காலாண்டு ‘ப்ரிபோன்’ செய்தவர் சுவாமிநாதன்.

கைப்பையைத் திறந்து ஃபேக்ஸின் நகலை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“ரெண்டும் ஒரே கை எழுதினதுன்னு நினைக்கிறேன், சார்.”

அவர் இரண்டையும் பார்த்தார். புன்னகை போகவில்லை, கொஞ்சம் சுருங்கியது.

“நீங்க மலர்க் கமிட்டி இல்லையா?”

“இல்லைங்க.”

“அப்ப அந்த முழுப் பக்கம்?”

“அதுவும் இல்லைங்க.”

ஃபேக்ஸைவிட அதுதான் அவரை அதிகம் வருத்தியதாகத் தெரிந்தது. எழுந்து கதவைச் சாத்தினார். “இதோ பாருங்க கலாவதி, இந்த பில்டிங்ல நாப்பது இந்தியன் என்ஜினீயர்ஸ் இருக்காங்க. நாப்பது பேரும் ப்ரிபோன்னுதான் எழுதுவாங்க. ஒரு வார்த்தையையும் ஒரு கடிகாரத்தையும் வெச்சு என்னை எந்தக் கோர்ட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பொண்ணுகிட்ட ரிஸைன் பண்ணச் சொல்லுங்க. இங்கயே நல்ல வேலை போட்டுத் தர்றேன். நம்ம பொண்ணு.”

“நீங்க அனுப்பினதா ஒத்துக்கறீங்களா?”

“நான் எதையும் ஒத்துக்கலை. ஒரு ஆஃபர் குடுத்தேன்.”

“அந்த நாட்டுல யாரைச் சுடுவாங்கன்னு யோசிச்சீங்களா?”

“நாங்க கண்ணாடி விக்கிறோம். எங்க பார்க்கணும்கிறது வாங்கினவங்க இஷ்டம்.” லட்டு டப்பாவை நகர்த்தினார். “எடுத்துக்கங்க.”

“சுகர்,” என்றார் ஜைனுதீன். “உங்களைப் பார்த்ததுலயே கொஞ்சம் ஏறிடுச்சு.”

*

பார்க்கிங்கில் வெயில் காய்ந்தது. கலாவதி கார்க் கதவைத் திறந்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

“அந்த ஆள் சொன்னது சரி. பில்டிங்கைக் காட்டிட்டோம், ஆளைக் காட்ட முடியாது. அது மட்டும் இல்லை. எனக்கு ஒண்ணு இடிக்குது. சேர்மன் ஹோல்ட் போட்டதை ஒரு ஃபேக்ஸ் எடுத்துடுச்சு. மறுநாள் காலையில சேர்மனே போனை எடுத்து ‘அது பொய், ஹோல்ட் இருக்கு’ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சது. ஏன் சொல்லல?”

“அன்னிக்கு ராத்திரி அவருக்கு வயிறு முட்ட டின்னர் போட்டிருப்பாங்க. களைப்பா இருந்திருக்கும்,” என்றார் ஜைனுதீன்.

“எந்த டின்னர்?”

“ரிஜிஸ்டர்ல அஞ்சாம் தேதி, நாலாவது வரி. டக்ளஸ் வார்ட்வெல். அமெரிக்கக் குடிமகன். பார்க்க வந்தது சுவாமிநாதனை. உள்ள ஒண்ணு பத்து, வெளிய மூணு இருவத்தஞ்சு.”

கலாவதி மெல்லத் திரும்பினாள். “ஃபேக்ஸ் ரெண்டு அம்பத்திரெண்டு.”

“ஆமா.”

“இதை உள்ள இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அந்த ஆள் மதியத்துக்குள்ள பக்கத்தைக் கிழிச்சிருப்பான். பேனா சரியில்லேன்னு நாலு பக்கம் கிறுக்கினது வீணாப் போயிருக்கும்.”

கலாவதி காரில் சாய்ந்து நின்று யோசித்தாள். எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. திருடனைத் தேடி மூவாயிரம் மைல் வந்தால், வீட்டுக்காரனே சாவியைக் கொடுத்திருக்கிறான். வெஸ்பர்லைன் நியூஜெர்சியில் கிளை திறக்கப் போவதாக ஜூலை மாதமே உள்ளூர் பேப்பரில் படித்திருந்தாள். வார்ட்வெலின் தொகுதிக்கு முந்நூறு வேலை. டி.வி.யில் வீரம் பேசியாகிவிட்டது, தானே தடையை விலக்கினால் அசிங்கம். கீழே வேலை பார்க்கும் பெண் தப்புச் செய்துவிட்டாள் என்றால் வீரமும் மிஞ்சும், கிளையும் வரும். தேதியும் கணக்காகப் பார்த்த தேதி. ஆறாம் தேதி நோட்டீஸ் வந்தால் முப்பது நாள் செப்டம்பர் ஐந்தில் முடிகிறது. உறுப்பினர்கள் கோடை விடுமுறையிலிருந்து திரும்புவது எட்டாம் தேதி. அதுவரை மௌனம்தான்.

“அவ்வளவு பெரிய மனுஷன் ரிஜிஸ்டர்ல நிஜப் பேரை ஏன் எழுதினான்?”

“அந்தக் கிழவர் விட்டிருக்க மாட்டார், மேடம். லைசென்ஸைக் காட்டு, எழுதுன்னிருப்பார். இந்த விஷயத்துல கண்காணிப்புன்னு ஒண்ணு நடந்திருக்குன்னா அது அவர் ஒருத்தர்தான். மணிக்கு ஆறு டாலருக்கு.”

*

ஞாயிற்றுக்கிழமை இந்திய சுதந்திர தின விழா. பிரிட்ஜ்வாட்டரில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். தலைமை விருந்தினர் டக்ளஸ் வார்ட்வெல். மேடைக்குப் பின்னால் இருந்த நடையில் அவர் தனியாக நின்று, கழுத்தில் போட்ட பட்டு சால்வையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். கலாவதி ஒரு கவரோடு அவர் முன்னால் போய் நின்றாள். கவருக்குள் இருந்தது வியாழக்கிழமை போய்வந்த சான் ஹோசே விமானத்தின் இரண்டு போர்டிங் பாஸ். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

“வெஸ்பர்லைன் ரிஜிஸ்டர், ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, நாலாவது வரி,” என்றாள் ஆங்கிலத்தில். “உள்ளே ஒன்று பத்து, வெளியே மூன்று இருபத்தைந்து. ஃபேக்ஸ் போனது இரண்டு ஐம்பத்திரண்டு.”

அவர் கவரைப் பார்த்தார். மறுக்கவில்லை. மறுப்பது அவருக்கு நேர விரயமாகத் தோன்றியிருக்கும்.

“என் தடையை நான் விலக்கினேன். அது என் அதிகாரம். இதில் எந்தச் சட்டமும் உடையவில்லை, அம்மணி.”

“ஒப்புக்கொள்கிறேன். அதை எழுதிக் கொடுங்கள்.”

“எழுதாவிட்டால்?”

“எழுதாவிட்டால், ஒரு ஊழியரின் இனிஷியலை அரசாங்கக் காகிதத்தில் வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். அப்போது அந்தக் கட்டடத்தில் காரணத்தோடு இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் யார் என்று கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. எஃப்.பி.ஐ.க்குப் பொழுது போகும்.”

வெட்கமா, ஜெயிலா என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ரொம்ப நேரம் ஆகவில்லை. வெட்கம் அவரை ஒருநாளும் எதுவும் செய்ததில்லை. உதவியாளர் வைத்துவிட்டுப் போயிருந்த ஃபைலிலிருந்து கமிட்டியின் லெட்டர்ஹெட் ஒன்றை உருவி, சுவரில் வைத்து எழுதினார். தடையை விலக்கியது என் முடிவு. வெண்பா திருமூர்த்திக்கு இதில் பங்கில்லை. கையெழுத்து, தேதி.

“இது கமிட்டியின் உள் விசாரணைக்கு மட்டும்,” என்றார். “அவள் வேலைக்குத் திரும்பட்டும். பதவி உயர்வு தருகிறேன். கெட்டிக்காரப் பெண். அந்த நாற்பது பக்கம் நன்றாக எழுதியிருந்தாள்.”

“படித்தீர்களா?”

“சுருக்கம் படித்தேன்.”

மேடையில் அவர் பெயரை அழைத்தார்கள். போய், ஜனநாயகத்தில் அதிகாரத்தைக் கண்காணிப்பது எவ்வளவு புனிதமான வேலை என்று இருபது நிமிஷம் பேசினார். நம் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற ஜைனுதீன், “இவருக்கு சால்வையோட நிறுத்திட்டாங்களே, தங்க மோதிரம் போட்டிருக்கலாம்,” என்றார்.

பார்க்கிங்கில் காருக்குள் காத்திருந்த வெண்பாவிடம் கலாவதி தாளைக் கொடுத்தாள். அவள் இரண்டு முறை படித்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

“இதை கமிட்டிகிட்ட மட்டும் குடுத்தா என் பேர் க்ளியர் ஆயிடும். அவ்வளவுதானே, ஆன்ட்டி? நோட்டீஸ் அப்படியே ஓடிட்டு இருக்கும்?”

“ஆமாம்மா. இன்னும் இருபத்தொரு நாள்.”

“நியூஸ்பேப்பருக்குக் குடுத்தா?”

கலாவதி காருக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உன் வேலை போயிடும். அந்த ஊர்ல வேற எவனும் உன்னைச் சேர்க்க மாட்டான். என்னைக் கேட்டா, முதல்ல உன்னைக் காப்பாத்திக்க. அதுக்குத்தான் நான் ஃபீஸ் வாங்கறேன்.”

“தேங்க்ஸ், ஆன்ட்டி,” என்றாள் வெண்பா. எதற்கு என்று சொல்லவில்லை.

*

புதன்கிழமை பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. வார்ட்வெலின் கையெழுத்து, பெரிதாக. இரண்டு வாரம் ஆளாளுக்கு அதிர்ச்சி தெரிவித்தார்கள். செப்டம்பர் மூன்றாம் தேதி, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ‘தொழில்நுட்பக் காரணங்களுக்காக’ அரசாங்கம் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கமிட்டியின் ரகசியம் வெளியே போனது எப்படி என்று விசாரிக்க வார்ட்வெல் ஆணையிட்டார். விசாரணை ஒரே நாளில் முடிந்தது. வெண்பாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் தலைவராகவே இருந்தார்.

மறுநாள் காலை வெண்பா கலாவதியின் ஆபீஸுக்கு வந்தாள். முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு.

“சுவாமிநாதன் அங்கிள் போன் பண்ணார்,” என்றாள். “கோபமே இல்லை. அடுத்த வருஷம் இதையே நாலு சின்ன ஆர்டரா பிரிச்சுடுவோம்மான்னு சொன்னார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழ இருந்தா காங்கிரஸுக்குச் சொல்லவே வேண்டாம். அதுதான் ரூல். எப்படியும் ஆறு மாசம் ஆகுமாம்.”

“பூட்டைக் குடுத்துட்டுப் பக்கத்துலயே ஜன்னலைத் திறந்து வெச்சிருக்காங்க,” என்றார் ஜைனுதீன்.

கலாவதிக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். “இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும், ஆன்ட்டி. அந்த ரூல் என் மெமோவுலயே இருக்கு. முப்பத்தெட்டாவது பக்கம்.”

“தெரிஞ்சேவா வேலையை விட்ட? வெறும் ஆறு மாசத்துக்கு?”

வெண்பா ஜன்னல் வழியே ரூட் 22-இல் ஓடும் கார்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அங்க ஒரு ஹார்பர் டவுன் இருக்கு. போன வருஷம் ஸ்ட்ரைக். போலீஸ் கரென்ட்டை கட் பண்ணிட்டாங்க. இருட்டா இருக்கு, தப்பிச்சுடலாம்னு நினைச்சு எல்லாரும் ஓடியிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாது, நாம வித்த கண்ணாடியில அவங்க பகல் மாதிரி தெரியறாங்கன்னு. பதினொரு பேர். அந்தப் பழைய கண்ணாடி எல்லாம் இப்ப ரிப்பேர், ஸ்பேர் பார்ட்ஸும் இந்த ஆர்டர்லதான் இருந்தது. மறுபடியும் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சிருக்காங்க.”

கலாவதி தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

“ஆறு மாசத்துக்கு அந்த ஊர்ல இருட்டு எல்லாருக்கும் இருட்டாவே இருக்கும், ஆன்ட்டி,” என்றாள் வெண்பா. “ஓடறவங்களுக்கு அது போதும்.”